ஒத்த ரூபாய்

மனித குலத்தின் வீழ்ச்சி, மொய்க்கவரின் மூலையில் ஒட்டிய ஒரு ரூபாய் நாணயத்தில்தான் தொடங்கியது.

இதை அவன் விழுப்புரம் டவுன் பஸ்ஸில், கம்பியைப் பிடித்து நின்றபடி, அக்காவிடம் அறிவித்தான். கல்லூரிப் பட்டிமன்றத்தில் இரண்டு கோப்பை வாங்கியவன். சிரிக்காமல் பேசுவான்.

அக்காவின் மடியில் மொய்க்கவர். மேலே மயில், ‘மணமக்கள் வாழ்க’.

உள்ளே விவாகரத்து வக்கீலுக்கு முன்பணம், ஐயாயிரம்.

“ஒத்த ரூபா எதுக்கு ஒட்டுறாங்க? உறவு தொடரணும்னு. வக்கீலோட உனக்கு ஆயுசுக்கும் உறவு வேணுமா?”

“வீட்ல இந்தக் கவர்தான்டா இருந்துச்சு. அம்மா குடுத்தாங்க. விடு.”

விடவில்லை. நகத்தால் நாணயத்தைப் பெயர்த்தான். சுலபமாக வந்துவிட்டது.

பஸ் ஸ்டாண்டில் அதற்கு ஒரு புளிப்பு மிட்டாய் வாங்கி வாயில் போட்டுக்கொண்டான்.

ஏற்கெனவே இரண்டு வக்கீல்களைப் பார்த்தாகிவிட்டது. முதல் ஆள் எழுபதாயிரம் கேட்டார். இரண்டாமவர், “புருஷன்னா நாலு அடி அடிக்கத்தாம்மா செய்வான்” என்றார். அதற்குக் கட்டணம் வாங்கவில்லை.

மூன்றாவது, கோர்ட்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில், வக்கீல் எஸ்தர்.

அவர் காகிதங்களைத் தொடவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்தார்.

“தூங்கி எத்தனை நாளாச்சும்மா?”

அக்கா எண்ணிப் பார்த்தாள். எண்ணிக்கொண்டே இருந்தாள்.

அம்மா வீட்டுக்கு வந்து நாலு மாசம். இன்னமும் தெருவில் பைக் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவாள்.

எஸ்தர் கேட்டார். அக்கா சொன்னாள். குமாஸ்தா டைப் அடித்தார்.

சொல்லி முடித்ததும் அக்கா பெஞ்சில் சாய்ந்தாள். அப்படியே தலை சுவரில் போய் நின்றது.

எஸ்தர், குமாஸ்தாவைப் பார்த்துக் கையைக் காட்டினார். டைப்ரைட்டர் நின்றது.

மிச்ச மனுவை எஸ்தர் பேனாவால் எழுதினார்.

கீழே ரோட்டில் பைக்குகள் போயின.

அக்கா எழவில்லை.

அவன் மிட்டாயைக் கடிக்காமல் கரையவிட்டான்.

அப்புறம் ஒன்றே கால் வருஷம். பதினோரு வாய்தா. பதினோரு தடவையும் அக்கா போவதற்கு முன்பே எஸ்தர் கோர்ட் வாசலில் நின்றிருந்தார். மீதிப் பணத்தைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

விவாகரத்து கொடுத்துத் தீர்ப்பு வந்தது.

மறுவாரம் அக்கா வேலைக்குப் போயிருந்த நேரம், கடைசித் தவணையைக் கொடுக்க அவன் தனியாக வந்தான்.

மாடிப்படி வரை போனவன், திரும்பி ஜெராக்ஸ் கடைக்கு வந்தான்.

“ஒரு கவர் குடுங்கண்ணே.”

கடைக்காரர் வெள்ளை உறையை நீட்டினார்.

“இது இல்ல. மொய்க்கவர். ஒத்த ரூபா ஒட்டினது.”

“யாருக்குத் தம்பி கல்யாணம்?”

இரண்டு கோப்பை வாங்கியவன் கவருக்குக் காசை நீட்டினான்.

பணத்தை உள்ளே வைத்து மூடினான்.

படியேறும்போது கட்டைவிரலால் நாணயத்தை அழுத்திப் பார்த்தான். நன்றாகத்தான் ஒட்டியிருந்தது.

இன்னொரு தடவை அழுத்தினான்.