முதுகில் விழுந்த அடி

தடதடவென்று முதுகில் அடி விழுந்துகொண்டிருந்தது. பாய்லர்காரர் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் வாங்கிக்கொண்டிருந்தார்.

"கீழே இன்னும் ரெண்டு போடேன்" என்றார். மனைவி உள்ளங்கையைக் குவித்துப் போட்டாள். இருமல் வந்தது, கூடவே சளியும். கிண்ணத்தை வாயருகே நீட்டினாள்.

ஆறு வருஷமாகக் காலையும் மாலையும் இதே பாடுதான். வெளியூர் மில்லில் பாய்லர் ஓட்டிக்கொண்டிருந்தவர் நிமோனியாவில் விழுந்து, பிழைத்ததே பெரிய காரியம். அதிலிருந்து நுரையீரலில் சளி கட்டுவது நிற்கவில்லை. வேலையை விட்டு வீட்டோடு வந்துவிட்டார். பிள்ளைகுட்டி இல்லாத வீடு. அவள் தையல் மெஷினை மிதித்துக் குடும்பத்தை ஓட்டினாள். அவர் முதுகையும் தட்டினாள்.

போன மாதம் அவள்தான் எங்கேயோ விசாரித்துவிட்டு வந்தாள். "யாரும் தட்டாமலே மூச்சுப் பயிற்சியால சளியை வெளியே கொண்டுவரலாமாம். வாங்க, போய்க் கத்துக்கலாம்."

"நீதான் இருக்கியே. எனக்கு எதுக்கு அதெல்லாம்?"

அவள் விடவில்லை. தைக்க வந்த துணிகளை மூட்டை கட்டி வைத்துவிட்டு, பத்து நாள் அவரைப் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப்போனாள்.

சொல்லிக்கொடுத்த பிசியோதெரபிஸ்ட் சின்னப் பெண், பொறுமைசாலி. "தோளைத் தளர்த்திக்கோங்க சார். மூக்கால மெதுவா இழுங்க, மூணு எண்ணுற வரைக்கும் அடக்குங்க, விடுங்க. அப்புறம் வாயை நல்லாத் திறந்து, கண்ணாடியில ஆவி படியற மாதிரி 'ஹா'ன்னு தள்ளுங்க. சளி மேலே ஏறினதும் ஒரே ஒரு இருமல், போதும்."

நாலாம் நாள் சளி தானாகவே வந்து விழுந்தது. "அட, பாய்லர் குழாயில அடைப்பு எடுத்த மாதிரி இருக்கே!" என்றார்.

அந்தப் பெண் சிரித்தாள். மனைவி சிரிக்கவில்லை. "நான் பக்கத்துல இல்லேன்னாலும் இவரால பண்ண முடியுமா?" என்று கேட்டாள். மறுநாளும் அதையே கேட்டாள்.

வீட்டிலும் அதே கண்டிப்பு. அவர் 'ஹா' என்று ஊதும்போது வேண்டுமென்றே சமையலறையில் போய் நின்றுகொண்டாள். கூப்பிட்டாலும் வரவில்லை. பாவம், அவளுக்கும் கை ஓய்ந்துபோயிருக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டார். இனியாவது அவளை உட்காரவைத்துத் தாங்க வேண்டும் என்றுகூடத் தோன்றியது.

பயிற்சி முடிந்த மறுநாள் காலை, முழுக்க முழுக்கத் தனியாகவே செய்துமுடித்தார். நெஞ்சு பஞ்சாகிவிட்டது. கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு பரிசு வாங்கியவர் மாதிரி கூடத்துக்கு வந்தார். "இங்கே பாரு, மொத்தமும் வந்துடுச்சு!"

அவள் எட்டிப் பார்த்தாள். "நல்லா வந்திருக்கு" என்றாள். அவள் காலடியில் ஒரு பெட்டி இருந்தது.

"உன் அக்கா வீட்டுக்கா? எப்ப திரும்புவே?"

"திரும்ப மாட்டேன். அக்கா வீட்டுப் பக்கத்துலயே ஒரு ரூம் பார்த்துட்டேன். மெஷினை ஏத்த வண்டி வந்துட்டிருக்கு."

பத்து நாள் பஸ், அந்தக் கேள்வி, சமையலறையில் போய் நின்றது, எல்லாம் ஒரே நொடியில் வேறு முகம் காட்டின. கழற்றிவிடத்தானா இத்தனை அக்கறை?

"கூடவே இருந்து கழுத்தறுத்துட்டியேடி! ஒரு நோயாளியை நம்பவெச்சு இப்படி ஏமாத்தலாமா?"

அவள் பதறவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டாள். "உங்களை ஆஸ்பத்திரியில சேர்த்தன்னைக்கே போயிருப்பேன். மூச்சுக்குத் தவிக்கிற மனுஷனை விட்டுட்டுப் போக மனசு வரலை."

"அன்னைக்கேவா? நான் என்னடி பண்ணினேன்?"

வாசலில் வண்டி வந்து நின்றது. அவள் பெட்டியைத் தூக்கினாள்.

"அன்னைக்கு மில் இருக்கிற ஊர்லேர்ந்து ஒருத்தி உங்களைத் தேடிட்டு வந்தா, கைக்குழந்தையோட. குழந்தைக்கு அப்படியே உங்க மூக்கு."