கொம்பெறும்பு

அருங்காட்சியகத்தில் கல்லைச் சுரண்டிப் புதைபடிவங்களை வெளியே எடுப்பது என் வேலை. நெற்றியில் ஒற்றைக் கொம்புள்ள அந்த எறும்பை நான்தான் எடுத்தேன். அந்த இனம் பூண்டோடு அழிந்து பல கோடி வருடங்களாகின்றன.

நேற்றுக் காலை எங்கள் வீட்டுக் கூடத்தில் எறும்புகள் சாரை சாரையாகப் போய்க்கொண்டிருந்தன. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அதே கொம்பு.

சாரை எங்கள் மகளின் அறையிலிருந்து வந்தது. அவள் இறந்த பிறகு அந்தக் கதவை நாங்கள் திறந்ததில்லை. பாலில் தோய்க்காமல் பிஸ்கட் தின்னமாட்டாள். பாதி தின்றுவிட்டு மிச்சத்தைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவைப்பாள். எறும்பு வருமென்று நான் கத்துவேன்.

நான் சொன்னதைக் கேட்டுக் கணவர் எறும்பு சாக்பீஸோடு வந்தார். "உன் ஆபீஸ் எறும்பா? விட்டா சோபால உக்காந்து டிவி பாக்கும். ஒரு கோடு இழுத்துடறேன்."

"இருங்க. உள்ளதான் தின்ன ஒண்ணுமே இல்லையே, எதைத் தூக்கிட்டு வருதுங்க?"

அவர் குனிந்து, ஓர் எறும்பின் வாயிலிருந்த துணுக்கை விரலில் எடுத்தார். சாக்பீஸைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கதவோரமாக உட்கார்ந்துவிட்டார்.

நானும் தொட்டுப் பார்த்தேன். பிஸ்கட் ஊறியிருந்தது. பாலின் சூடு இன்னும் ஆறவில்லை.