ஹோஸியத்தின் கிண்ணம்

சோவியத் ஆட்சியில், நோன்பு மாதம் வந்தாலே அந்த உஸ்பெக் கூட்டுப்பண்ணையில் நண்பகல் தேநீர் கட்டாயம். யார் நோன்பு வைக்கிறார்கள் என்று பிடிக்கத்தான். பருத்திக்காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்த ஹோஸியத்திடம் கட்சிக்காரர் துர்தியேவ் கிண்ணத்தை நீட்டினார்.

"குடிங்கக்கா. அல்லா ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு."

கிண்ணத்தை உதட்டில் வைத்தாள், வாயைத் திறக்கவில்லை. இறக்கியபோது அது காலியாக இருந்தது. அவள் உதடு காய்ந்தே கிடந்தது. துர்தியேவ் திருப்தியாக நகர்ந்தார்.

மூன்று நாள் இப்படியே நடந்தது. நான்காம் நாள், அவள் வாய்படாத எதிர்ப்பக்க விளிம்பில் ஒரு சின்ன வாயின் ஈரம் தெரிந்தது.

போன குளிர்காலத்தில் காய்ச்சலில் கிடந்து, தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே போய்ச் சேர்ந்தவள் அவள் மகள் ஓய்தின்.

ஹோஸியத் கிண்ணத்தை நீட்டினாள்.

"இன்னொரு கிண்ணம் ஊத்துங்க தம்பி. நல்லா ஆத்திக் குடுங்க."