கல்லுக்குத் தண்ணீர்

மீன்கள் செத்து மாதக்கணக்காகியும் அமலன் அந்தக் கடல்நீர்த் தொட்டியைக் காலி செய்யவில்லை. உள்ளே வெறும் பாறைத் துண்டுகள்தான் கிடந்தன. அவற்றுக்கு விளக்குப் போட்டான். வற்ற வற்ற நீர் ஊற்றினான். “கல்லுக்குத் தண்ணி ஊத்துற மனுசன நான் இங்கதான் பாக்குறேன்” என்று அவன் மனைவி ரெஜினா வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். கடைசியில் தொட்டியை விற்க அவளே ஆள் பிடித்தாள்.

வாங்குகிறவர் வருவதற்குள் கல்லையெல்லாம் அள்ளிவிடலாம் என்று கையை விட்டவள் அப்படியே நின்றாள். ஒரு கல்லின் இடுக்கில் மிளகளவு சிவப்பு விசிறி ஒன்று விரிந்திருந்தது. அவள் நிழல் பட்டதும் வெடுக்கென்று உள்ளே போய்விட்டது. விலகினாள், மெல்ல விரிந்தது. எட்டிப் பார்த்தாள், ஒளிந்துகொண்டது. கல்லுக்குள் ஏதோ குட்டிப் புழு உயிரோடு குடியிருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண் பழகப் பழக, அடுத்த கல்லில் இன்னொன்று, அதற்குக் கீழே ஒரு கூட்டமே இருந்தது.

தொட்டி வாங்க வந்தவரை அழைத்துக்கொண்டு அமலன் முகத்தைத் தொங்கப் போட்டபடி நுழைந்தான். முழங்காலிட்டிருந்த ரெஜினா திரும்பாமலே கையைக் காட்டி நிறுத்தினாள்.

“அண்ணே, குனிஞ்சு வாங்க. நிழல் விழுந்தா உள்ள போயிடும்” என்றாள். பிறகு கணவனிடம், “நீங்களுந்தான்.”