ஏழில் நிற்கும் குமிழ்

"சத்தியமா நான் தொடலை மாப்ள!" என்றார் அக்கா புருஷன்.

அவன் நம்பவில்லை. பழைய ஆம்ப்ளிஃபயரில் ஏழில் இறுகிக் கிடந்த வால்யூம் குமிழை, எண்ணெய் விட்டு இளக்கியவன் அவன். குறடு வழுக்கி அதில் ஒரு கீறல்கூட விழுந்தது. இப்போது இரண்டில் வைத்துவிட்டுப் போனால், வரும்போது ஏழில் நிற்கிறது. பாட்டு போட்டதும் குழந்தை அலறுகிறது.

"இன்னொரு தடவை பாப்பா முழிச்சா, பெட்டி குப்பைக்குத்தான்டா!" என்றாள் அக்கா.

குமிழை இரண்டில் வைத்து, உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். எல்லோரையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனான். திரும்பி வந்து கதவை அவனே திறந்தான்.

பெட்டியில் குமிழ் இருந்தது. ஏழு. அதே கீறல்.

சட்டைப்பையைத் தொட்டான். அங்கேயும் இருந்தது.

அக்காவின் தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. நீங்களாக இருந்தால் பாட்டு போடுவீர்களா?