சுவருக்குள் சுகிர்தா

பொழிலன் பல் துலக்கினான், பால் காய்ச்சினான், ஒரே ஒரு டம்ளரை எடுத்து வைத்தான்.

"மழை வரும், குடை எடுத்துக்கோங்க" என்றது சுவர், சுகிர்தாவின் குரலில்.

உயிரோடு இருந்தவரை அவள் குடையைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. கணவனுக்கு 'ங்க' போட்டதும் இல்லை.

மரக் கட்டடங்களை ஆராய்ந்த கட்டடக்கலை மாணவி அவள். கல்லூரியில் சோதனைக்காகக் கட்டிய மரத்தளம் சரிந்து இறந்தாள். அதே ஆய்வை வைத்துப் பன்னிரண்டு மாடி மரக் குடியிருப்பை எழுப்பிய நிறுவனம், அவள் குரலை அதன் சுவர்களுக்குள் வைத்தது. கணவனுக்கு அதில் ஒரு வீட்டை இனாமாகக் கொடுத்தது. பெரிய மனசுதான்.

தலைக்கு மேல் உத்தரம் முனகியது. "மரம் மூச்சு விடுது, பயப்படாதீங்க" என்றது சுவர்.

பொழிலன் அடுப்பை அணைத்துவிட்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினான். "உடனே கீழே இறங்குங்க."

கதவைத் திறந்த கனகராஜ் சிரித்தார். "ஏனுங் தம்பி, உங்க ஊட்டுக்காரம்மாவே பயப்படாதீங்கன்னு சொல்றப்ப நாம எதுக்குங் ஓடோணும்?"

"அது கம்பெனி சொல்றதுங்க. அவ கடைசியா போன்ல சொன்னது வேற."

"அப்படி என்னங் சொல்லுச்சு?"

உத்தரம் மறுபடியும் முனகியது. பொழிலன் அவள் சொன்னபடியே சொன்னான்.

"மரம் முனகுதுடா. எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு வந்துடறேன், போனை வை."