தம்ளருக்குள் ஒரு கொக்கி

சட்டமன்றத் தேர்தலுக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை, தையல் கூடத்தின் சாப்பாட்டு அறையில் மதிய இடைவேளை. எந்த வேட்பாளருக்காகத் தங்கள் சங்கம் வீடு வீடாக ஓட்டுக் கேட்கப் போவது என்று பெண்கள் தம்ளரில் பொத்தான் போட்டு முடிவு செய்கிறார்கள். வேலை செய்யும் இடங்களில் குழந்தைக் காப்பகம் கட்டாயம் என்று சட்டம் வரவேண்டும் என்கிற ஆசிரியைக்கு வெள்ளைப் பொத்தான். இந்த அறைக்கு இரண்டு மின்விசிறி வாங்கித் தருவதாகச் சொன்ன ஒப்பந்தக்காரருக்குக் கறுப்பு. சன்னல் வெயில் மேசைமேல் சாய்ந்து கிடக்கிறது. அதில் நூல் தூசி மெல்லச் சுழல்கிறது. சங்கத் தலைவி தம்ளரைக் கவிழ்க்கிறாள். கலகலவென்று கொட்டியதைப் பிரித்துவைத்தால் இரண்டு நிறமும் சரிசமம். நடுவே ஒரு ரவிக்கைக் கொக்கி. "யாருடி அது, ஓட்டுலயும் கொக்கி போட்டவ?" எல்லோரும் சிரிக்க, காஜா எடுப்பவள் மட்டும் முந்தானையைத் திருகுகிறாள். ஒப்பந்தக்காரர் அவளுடைய கொழுந்தன். "நான்தான்க்கா. வீட்லயும் பொல்லாப்பு வேணாம், இங்கயும் வேணாம்னு பார்த்தேன்." "மதில்மேல் பூனை! உன் புள்ள இப்ப எங்கடி இருக்கு?" "பக்கத்து வீட்டம்மாகிட்ட. அவங்க ஊருக்குப் போனா நான் லீவு." சொன்னது அவளுக்கே உறைக்கிறது. பிறகு கொக்கியை எடுத்து முந்தானையில் மாட்டிக்கொண்டு, வெள்ளைப் பொத்தான் ஒன்றை மேசையில் வைக்கிறாள். "கொழுந்தன் கேட்டா என்ன சொல்லுவ?" "சோறு போடுவேன், ஓட்டு போட மாட்டேன்னுதான்." சிரிப்பு அடங்குமுன் மணி அடிக்கிறது. சங்கம் ஆசிரியையை ஆதரிக்கிறது.